தகவமைப்பா, தழுவலா?

‘ஹோமரின் இலியட் திரைக்குத் தகவமைக்கப்பட்டது.’ பழைய கிரேக்கப் போர்க்காப்பியம் ஒன்றைப் பற்றிய இந்த வாக்கியத்தை, அல்லது இதன் உடன்பிறப்புகளை, இப்போது அடிக்கடி படிக்க நேர்கிறது. ‘திரைத் தகவமைப்பு’, ‘நாவலின் தகவமைப்பு’, ‘தகவமைக்கப்பட்ட திரைக்கதை’ என்று இது பெருகிக்கொண்டே போகிறது. அடாப்டேஷன் என்ற சொல்லுக்கு இதுதான் துல்லியமான தமிழ் என்று வாதிடுபவர்களும் உண்டு.

வேர்ச்சொல்லை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. லத்தீனில் ‘அடாப்டாரே’ என்றால் பொருத்துதல். தகவு என்றால் தகுதி, பொருத்தம். ‘தக்கார் தகவிலர்’ என்று வள்ளுவர் ஆண்ட பழஞ்சொல் அது. தகவு, அமைப்பு இரண்டையும் சேர்த்தால் தகவமைப்பு. உயிரியல் பாடநூலில் இது அருமையான சொல். கள்ளியின் இலை முள்ளானதும் ஒட்டகத்தின் பாதம் அகன்றதும் தகவமைப்பு.

ஆனால் கள்ளியின் இலையை முள்ளாக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. சூழல் நெருக்கியது, தலைமுறை தலைமுறையாக உடல் மாறியது. தகவமைப்பு என்ற சொல்லுக்குள் கர்த்தா இல்லை. காப்பியத்தைப் படமாக்குகிறவர்களுக்கோ பெயர் உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு. அவர்கள் செய்ததைத் தகவமைப்பு என்று சொல்லும்போது, திரை என்ற சூழல் கேட்டது, கதை தானாக மாறிக்கொண்டது என்று ஆகிவிடுகிறது. எனக்கு இதில்தான் சண்டை.

2004இல் வோல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய ‘டிராய்’ படத்தை எடுத்துக்கொள்வோம். இலியட்டின் மூன்றாம் காண்டத்தில் ஸ்பார்ட்டா அரசன் மெனலாஸும், அவன் மனைவி ஹெலனைக் கொண்டுபோன டிராய் இளவரசன் பாரிஸும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். பாரிஸின் தலைக்கவச முடியைப் பற்றி, தாடைவார் கழுத்தை நெரிக்க, மெனலாஸ் அவனை இழுத்துப் போகிறான். காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி வாரை அறுக்கிறாள். அவனை மூடுபனியில் மறைத்துத் தூக்கிப்போய் அவனுடைய படுக்கையறையில் விடுகிறாள். மெனலாஸின் கையில் வெறும் தலைக்கவசம் மிஞ்சுகிறது. படத்தில் இப்படித் தலையிடும் தெய்வங்கள் இல்லை. எனவே பாரிஸைக் காப்பாற்ற மனிதர் ஒருவர் வேண்டும். அவன் தவழ்ந்து போய் அண்ணன் ஹெக்டரின் காலைப் பற்றிக்கொள்கிறான். இதுவரைகூட திரையின் தேவை என்று ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கணம் ஹெக்டர் மெனலாஸைக் குத்திக் கொன்றுவிடுகிறான். இதைத் திரை கேட்கவில்லை. எழுதியவர் தேர்ந்தெடுத்தார்.

அந்தத் தேர்வின் விலை பெரிது. ஹோமரின் இன்னொரு காப்பியமான ஒடிஸியின் நான்காம் காண்டத்தில், தந்தை ஒடிஸியஸைத் தேடி ஸ்பார்ட்டாவுக்கு வரும் டெலமாக்கஸை, ஹெலனோடு அமர்ந்து விருந்தோம்புகிறவன் இதே மெனலாஸ்தான். மெனலாஸின் அண்ணனும் கிரேக்கப் படைத்தலைவனுமான அகமெம்னானையும் படம் டிராய் நகரத்திலேயே, கிரேக்கரிடம் சிறைப்பட்ட பிரிசெயிஸ் என்ற பெண்ணின் கையால் கொல்கிறது. கிரேக்க மரபில் அவன் வென்று வீடு திரும்பி, மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவும் அவள் காதலனும் செய்த சதியில் மடிகிறான். கி.மு. 458இல் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய மூன்று நாடகங்களும் அந்தக் கொலையின் மேல்தான் நிற்கின்றன. பத்தாண்டுப் போரைச் சில வாரங்களாகக் குறுக்கியது சுருக்கம். இந்த இரண்டு கொலைகள் எதையும் சுருக்கவில்லை. சுருக்கத்தையும் இந்த மாற்றத்தையும் ஒரே சொல்லில் போட்டு மூடுகிறவர்கள் வாசகரை ஏமாற்றுகிறார்கள்.

தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. முதல்நூலை ஒட்டிப் பின்னால் எழும் வழிநூலைத் தொல்காப்பியம் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று வகைப்படுத்துகிறது. ‘முன்னோர் நூலின் முடிபொருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி’ என்கிறது நன்னூல். ‘பின்னோன் வேண்டும்’ என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். மாற்றம் பின்னோனுடைய விருப்பம், எனவே அதற்குப் பொறுப்பும் அவனுடையது. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பன் அவளைத் தீண்டவிடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைத்தான். கம்பர் வால்மீகியைத் தகவமைத்தார் என்று யாராவது எழுதுவார்களா?

தழுவல் என்ற சொல் இந்தப் பொறுப்பைத் தாங்குகிறது. தழுவுவதற்கு ஒருவர் வேண்டும், தழுவப்படுவது இன்னொன்றாக இருக்க வேண்டும். ஏறு தழுவுதல் என்று சொல்லும்போது வீரனும் தெரிகிறான், காளையும் தெரிகிறது. தழுவல் கைவிடப்பட்டதன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. அனுமதி கேட்காமல் பிறர் கதையை எடுத்தவர்கள் அதைத் தழுவல் என்று நாகரிகமாகச் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லில் கறை படிந்துவிட்டது. அதற்காக நல்ல சொல்லை விட்டுவிட்டு உயிரியல் வகுப்பிலிருந்து ஒன்றைக் கடன் வாங்குவதா? மொழிபெயர்ப்பாளர்கள் பலர் இந்தக் காரணத்தைக்கூட யோசிப்பதில்லை. கலைச்சொல் பட்டியலில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை எடுத்து ஒட்டுகிறார்கள். அந்தப் பட்டியல் எந்தத் துறைக்கானது என்று புரட்டிப் பார்ப்பதில்லை. இதே அவசரத்தால் பாலைவனத் தாவரங்களின் ‘தழுவல்’ என்று எழுதப்படுவதையும் படித்திருக்கிறேன்.

மூலக்கதையின் முடிவை ஏற்றுக்கொண்டு நடக்கும் படத்தைத் திரைத்தழுவல் என்போம். வெறுமனே குறுக்கியதைத் தொகுப்பு என்போம். ‘டிராய்’ இந்த இரண்டிலும் அடங்காது. இலியட் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. மரக்குதிரையும் நகரம் எரிவதும் அதில் இல்லை. அவற்றை விரிவாகப் பாடியவர், ஹோமரின் வழியில் ஈனியட் காப்பியம் இயற்றிய ரோமானியக் கவி வெர்ஜில். முதல்நூலிலிருந்து ஒரு பகுதி, வழிநூலிலிருந்து ஒரு பகுதி, மேலே சொந்தத் திரிபு. ‘இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபு வேறுடையது’ என்று நன்னூல் இதற்கும் இடம் வைத்திருக்கிறது. அதன் பெயர் புடைநூல், அதாவது சார்புநூல். படக்குழுவினரும் இலியட்டால் தூண்டப்பெற்றது என்றுதான் பெயர்ப் பட்டியலில் போட்டார்கள். தமிழில் ‘இலியட்டைச் சார்ந்த படம்’ என்று எழுதினால் போதும்.