மூத்த அரசு மருத்துவருக்கு ஓய்வூதியம் எவ்வளவு வரும்?

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேலூர் பென்ட்லேண்ட் அரசு மருத்துவமனையிலோ பணியாற்றி 60 வயதை நெருங்கும் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது, தான் பணியில் சேர்ந்த தேதியை. 2003 ஏப்ரல் 1-க்கு முன்பே சேர்ந்திருந்தால் பழைய ஓய்வூதியம் உண்டு. அதன் பிறகு சேர்ந்தவர்களை ஊதியத்தில் 10 சதவீதம் பிடிக்கும் பங்களிப்புத் திட்டத்தில் சேர்த்தார்கள். அது தனிக் கணக்கு. இங்கே சொல்வது முன்னவர்களுக்கு.

30 ஆண்டு தகுதிப் பணி (ஓய்வூதியக் கணக்கில் சேரும் பணிக்காலம்) இருந்தால், கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி ஓய்வூதியம். ஆண்டு குறைந்தால் தொகையும் அதே விகிதத்தில் குறையும். மேற்படிப்பை முடித்து 33 வயதில் வந்தவருக்கு 27 ஆண்டுதான் தேறும். கடைசி அடிப்படை 1,50,000 ரூபாய் என்றால், 75,000 கிடைக்க வேண்டிய இடத்தில் 67,500. வீட்டு வாடகைப்படி எதுவும் இந்தக் கணக்கில் வராது.

மருத்துவர்கள் தங்கள் ஊதிய உயர்வு பற்றிய 354-ஆம் அரசாணையைப் பிடித்துக்கொண்டு போராடுவது இதற்காகவும்தான். மத்திய அரசு மருத்துவர் 13 ஆண்டில் எட்டிய ஊதியப்பட்டை நான்கை, அதாவது உயர்ந்த ஊதிய நிலையை, 2009-இல் வந்த அந்த ஆணைப்படி இங்கே 20 ஆண்டு கழித்துத்தான் தொட முடியும். அதை 12 ஆண்டாக்கக் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. அடிப்படை ஊதியம் தாமதமாக ஏறினால், அந்த இழப்பு ஓய்வூதியத்திலும் தொடரும்.

சரி, மொத்தமாகப் பணம் வேண்டுமா? ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தொகுத்து வாங்கலாம். 75,000-இல் 25,000-ஐ விட்டுக்கொடுத்தால் மாதம் 50,000 வரும். ஆனால் அகவிலைப்படியை முழு 75,000-க்கும் கணக்கிடுவார்கள். விட்ட பங்கு 15 ஆண்டு கழித்து மாத ஓய்வூதியத்தில் மறுபடி சேர்ந்துவிடும். 80 வயதானால் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும்.

அப்புறம் பணிப்பதிவேடு. எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரின் பதிவேட்டில், அரக்கோணத்தில் வேலை பார்த்த ஓராண்டுக்குச் சரிபார்ப்புக் கையெழுத்தே இல்லை. அவர் அங்கே இருந்தபோது அது வேலூர் மாவட்டம். 2019-க்குப் பிறகு ராணிப்பேட்டை. பழைய சம்பளப் பட்டியலைத் தேடி இரண்டு ஊருக்கும் நடையாய் நடந்தார். கட்டை அவிழ்த்தபோது தாள் பொடிப்பொடியாக உதிர்ந்ததாம். அவருடைய பெயர் இருந்த பக்கம் தப்பித்திருந்தது.

58 வயதிலேயே பதிவேட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். மேற்படிப்புக் காலம், மருத்துவ விடுப்பு, ஊர் மாறிய நாட்கள் இவற்றில்தான் ஓட்டை இருக்கும். வாழ்க்கைத் துணையின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். குடும்ப ஓய்வூதியம் அந்தப் பெயருக்குத்தான் போகும்.