நிழலை அளக்க வயது வரம்பு கிடையாது

மதுரைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். ஒவ்வோர் ஏப்ரலிலும் நிழலில்லா நாளன்று பள்ளி மைதானத்தில் ஒரு கம்பை நட்டு, மாணவர்களை அளக்கச் சொல்வது வழக்கம். தொடக்கத்தில் அது வகுப்போடு முடிந்துவிடும் நிகழ்ச்சியாகத்தான் இருந்தது. பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் மர நிழலில் நின்று எட்டிப் பார்ப்பதைக் கவனித்த பிறகுதான் அவர்களையும் அருகே கூப்பிட ஆரம்பித்தேன். கூப்பிட்டதும் பெரும்பாலோர் சொன்ன முதல் வாக்கியம், "நமக்கு அறிவியல் எல்லாம் வராது சார், பத்தாவதோட விட்டாச்சு" என்பதுதான். அப்படிச் சொல்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மட்டும், ஆண்டுக்கு இரண்டு நாட்கள் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். அந்த நேரத்தில் செங்குத்தாக நிற்கும் கம்பின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். தில்லியில் இது ஒருநாளும் நிகழாது. மதுரையில் ஏப்ரல் 16-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நிகழும். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி. கடிகாரம் 12 காட்டும்போது எல்லோரும் ஆவலாகக் குனிந்து பார்ப்பார்கள். நிழல் இன்னும் மிச்சமிருக்கும். நம் கடிகார நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்காகக் கணிக்கப்பட்டது, மதுரையோ 78.1 பாகையில் இருக்கிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பதால் நமக்கு உச்சிப்பொழுது 12.17-க்குத்தான் வருகிறது. இந்த விளக்கத்தை நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்தப் பதினேழு நிமிடம் காத்திருப்பவர்களுக்கு ஏன் என்ற கேள்வி தானாகவே பிறந்துவிடும். முன்பே சொல்லிவிட்டால் அது பிறப்பதில்லை.

ஒரு வருடம், நிழல் மறையவே மறையாமல் ஒரு விரல் அகலத்துக்கு நின்றுவிட்டது. மாணவர்கள் சூரியனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, மகளை அழைக்க வந்திருந்த கொத்தனார் ஒருவர் தன் வண்டியிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துவந்து கம்பின் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "கம்பு சாஞ்சிருக்கு சார்" என்றார். ரசமட்டம் வைத்துத் தரையையும் சோதித்துக் காட்டினார். ஒரு மீட்டர் கம்பு ஒரே ஒரு பாகை சாய்ந்தால் நிழல் 1.7 சென்டிமீட்டர் தவறிப்போகும். அந்தப் பருவத்தில் சூரியன் நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பாகை அளவே வடக்கே நகர்வதால், நிழலில்லா நாளையே மூன்று நாள் தள்ளிச் சொல்ல நேரும். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அளவுப் பிழை என்பதை என் வகுப்பில் பாடமாகப் படித்தவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்; கோணல் சுவரைத் தன் கைக்காசைச் செலவழித்து இடித்துக் கட்டியவருக்கு அது தெரியாமல் எப்படி இருக்கும்?

எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் இன்னொன்றைச் சொன்னார். மொட்டை மாடியில் வற்றல் போடுபவர் அவர். மார்கழி, தை மாதங்களில் உச்சிவேளையில் தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிழல் கிடக்கும், ஆனியில் பார்த்தால் வடக்குச் சுவரை ஒட்டித்தான் நிழல் இருக்கும், அதனால் பாயை மாற்றி விரிப்பேன் என்றார். சூரியன் உச்சியில் ஒரு காலத்தில் தெற்கேயும் ஒரு காலத்தில் வடக்கேயும் நிற்கிறது என்பதை நாற்பது ஆண்டுகளாகக் கண்டு, அதன்படி வேலையும் செய்து வந்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு மீட்டர் உயரச் சுவரின் நிழல் மதுரையில் டிசம்பர் 21 வாக்கில் 66 சென்டிமீட்டர் வடக்கே விழும், ஜூன் 21-இல் 24 சென்டிமீட்டர் தெற்கே விழும். "இதுக்குப் பேருதான் சயின்ஸா தம்பி?" என்று கேட்டார்.

பிள்ளைகளிடம் சிக்கல் வேறு. நான்காம் வகுப்புக் குழந்தை தன் நிழலைத் துரத்தித் துரத்தி மிதிக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் அந்தத் துரத்தல் நின்றுவிடுகிறது. காரணத்தின் ஒரு பகுதி நம் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது என்பேன். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வரவேண்டும் என்பதற்காக விடையை முதலில் எழுதி, அளவீடுகளைப் பின்னால் இட்டுக்கட்டுவது நம் ஆய்வகங்களில் பழகிப்போன காரியம். மாணவனாக நானும் அதைச் செய்திருக்கிறேன். 9.4 என்று வந்தால் அதை அப்படியே எழுதி, நூலின் நீளத்தைக் குண்டின் நடுவரை அளந்தேனா, மேல்விளிம்போடு நிறுத்திவிட்டேனா என்று தேடுவதில்தான் சுவை இருக்கிறது. வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியதும் இதுவே: குழந்தை ஏதாவது கேட்டவுடன் கைப்பேசியில் விடையைத் தேடிக் காட்டாமல், "நீ என்ன நினைக்கிறாய், எப்படிச் சோதிக்கலாம்?" என்று ஒருநாள் தாமதிப்பது.

பெரியவர்கள் கேட்கும் கேள்விகள் சில நேரம் பாடப்புத்தகத்தைத் தாண்டிப் போகும். ஓய்வுபெற்ற ஒருவர், தை முதல் நாள்தான் உத்தராயணம் என்றால் நிழல் ஏன் டிசம்பர் 22-இலேயே திரும்பிவிடுகிறது என்று கேட்டார். நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு பம்பரம்போலச் சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை தள்ளாடிச் சுற்றுவதால், பருவ ஆண்டைவிட விண்மீன் ஆண்டு 20 நிமிடம் நீளம். ஏறத்தாழ 71 ஆண்டுகளுக்கு ஒரு நாள் விலகும். இன்று இருக்கும் 24 நாள் இடைவெளியைப் பின்னோக்கிப் பெருக்கினால், இரண்டும் ஒன்றாக இருந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. அவரே காகிதத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

உறவினர் வேறு ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. கன்னியாகுமரியில் நிழலில்லா நாள் ஏப்ரல் 10 வாக்கில் வரும். அதே நாள் உச்சியில் சென்னையில் ஒரு மீட்டர் கம்பின் நிழல் சுமார் 8.7 சென்டிமீட்டர் இருக்கும். அது 5 பாகைக் கோணம், அதாவது முழு வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட வடக்கு-தெற்குத் தூரம் ஏறத்தாழ 555 கிலோமீட்டர். 72-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 39,960 கிலோமீட்டர் என்று வருகிறது. உண்மை அளவு 40,008. கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் செய்ததும் இதே கணக்குதான். பேத்தியும் தாத்தாவும் கைப்பேசியில் பேசிக்கொண்டே செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தச் சோதனையில் பார்க்க வேண்டியது தரையைத்தான். சூரியனை வெறுங்கண்ணாலோ, சாதாரணக் கறுப்புக் கண்ணாடி வழியாகவோ யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. சித்திரை வெயிலில் வயதானவர்களைக் கால்மணி நேரத்துக்கு மேல் நிறுத்த வேண்டாம். மாடி ஏற முடியாதவர்கள் சன்னலோரம் அமர்ந்து 15 நிமிடம் பறவைகளை எண்ணிக் குறிக்கலாம். சனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு அத்தகைய பட்டியல்களைத்தான் கேட்கிறது.

வற்றல் பாட்டி அதோடு விடவில்லை. பெயின்ட் டப்பாவில் சிமென்ட்டைக் கொட்டி ஒரு மீட்டர் கம்பியை நிறுத்தித் தரச்சொல்லி மாடியில் வைத்தார். ஞாயிறுதோறும் 12.17-க்கு நிழலின் நுனியில், கேட்டுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி. நவம்பரில் என்னைக் கூப்பிட்டுப் பேசியபோது குரலில் கவலை தெரிந்தது. புள்ளிகள் வடக்கே நேராகப் போகாமல் கிழக்குப் பக்கம் ஏழு சென்டிமீட்டர் வளைந்துவிட்டன, டப்பா நகர்ந்திருக்குமோ என்றார். டப்பாவைச் சுற்றிப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு கலைந்திருக்கிறதா என்று கேட்டேன். கலையவில்லை. பூமி நீள்வட்டப் பாதையில் போவதும் அதன் அச்சின் சாய்வும் சேர்ந்து செய்யும் வேலை அது என்றும், ஆண்டு முழுதும் குறித்தால் புள்ளிகள் எட்டு என்னும் எண்போல வளையும் என்றும் நாக்கு நுனிவரை வந்தது. ஏப்ரல்வரை நிறுத்தாமல் குறியுங்கள் அம்மா என்று மட்டும் சொல்லிவைத்தேன்.