சைலன்சரைத் தின்னும் ரோட்டரி எஞ்சின்

சிங்கப்பூரில் இன்னும் ஓடுகிற, ரோட்டரி எஞ்சின் வைத்த மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார்கள் எல்லாமே பத்து வயதைத் தாண்டி, சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓடுபவை. 2012லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால் அசல் எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) போய்விட்டால் பெரும்பாலும் வெளிக் கம்பெனி சரக்கைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கார் பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட் பக்கம் போய் விசாரித்தால் முதலில் பளபளப்பைக் காட்டுவார்கள், அடுத்து சத்தத்தைக் கேட்க வைப்பார்கள், எத்தனை வருஷம் தாங்கும் என்றால் "ஸ்டெயின்லெஸ் அண்ணே, துருவே பிடிக்காது" என்பார்கள். சரி, ஆனால் பனிக்கு உப்பு தூவாத இந்த ஊரில் துரு இரண்டாவது எதிரிதான். ரோட்டரியின் குழாயைக் கொல்வது சூடு.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். ரோட்டரியில் முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுழல்கிறது, அதன் ஒவ்வொரு முகமும் காற்றை இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளுகிறது. எரியும் அறை நீளமாக, தட்டையாக, ரோட்டரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். தே தாரிக்கைத் தட்டில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும் இல்லையா, அதே கதைதான். உள்ளே இருக்கும் வாயுவின் அளவுக்குச் சுவர்ப் பரப்பு மிக அதிகம், சுவரை ஒட்டிய இடத்தில் தீ அணைந்துபோகும், ஓரங்களில் பெட்ரோல் எரியாமல் மிஞ்சும். எரிதல் மெதுவாக நடப்பதால், புகை வெளியேறும் துளை திறக்கும் நேரத்திலும் வாயு கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. மிஞ்சிய பெட்ரோல் வெளியே போகும் வழியில் குழாய்க்குள்ளேயே எரிகிறது. சுமையோடு ஓடும்போது புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது ரோட்டரியில் சாதாரணம்.

வால்வும் கிடையாது. பழைய ஆர்எக்ஸ்-7இல் கூட்டின் ஓரத்தில் இருக்கும் துளையை ரோட்டரின் முனை கடந்த கணமே அது திறந்துகொள்ளும், வாயு அடி போல வெளியே பாயும். அந்தக் காதைக் கிழிக்கும் சத்தம் இதனால்தான். ஆர்எக்ஸ்-8இன் ரெனிசிஸ் எஞ்சினில் துளையைப் பக்கச் சுவருக்கு மாற்றியதால் கொஞ்சம் அடக்கம் வந்தது. ஆனால் இரண்டு ரோட்டர்களும் பகிர்ந்துகொள்ளும் நடுத்துளைக்கு ஓய்வே இல்லை, அந்தப் பக்கம்தான் அதிகமாகச் சுடும்.

இப்போது உலோகத்துக்கு வருவோம், விஷயமே இங்கேதான் இருக்கிறது. கடைகளில் அதிகம் கிடைப்பது ஸ்டெயின்லெஸ் எஃகில் 304 ரகம், சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துருவைத் தடுப்பது அந்த குரோமியம். ஆனால் 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் கிடந்தால், எஃகில் உள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்து உலோகத் துகள்களின் ஓரங்களில் கார்பைடாகப் படியவைத்துவிடும். ஓரங்களில் குரோமியம் வற்றிப்போக, அந்த வழியாக அரிப்பு நுழைகிறது. ஒரு பழைய குழாயைப் பார்த்தால் தெரியும்: வெல்டிங் தடம் அழகாக அப்படியே இருக்கும், விரிசல் அதற்குப் பக்கத்திலேயே, நூல் போல ஒரு கோடாக ஓடும். 321 ரகத்தில் டைட்டானியம் கொஞ்சம் கலந்திருப்பார்கள். அது கார்பனை முந்திக்கொண்டு பிடித்துவிடுவதால் குரோமியம் தப்பிக்கிறது. எஞ்சினை ஒட்டிய முதல் ஒரு மீட்டருக்கு 321 கேளுங்கள், பின்பக்கத்துக்கு 304 தாராளமாகப் போதும். முழு டைட்டானியக் குழாய் எடை குறைவு, நீல நிறத்தில் மயக்கும், ஆனால் ரோட்டரியின் முன்பகுதிச் சூட்டுக்கு அது சரிப்படாது.

விலை குறைந்த 409 ரகம் காந்தத்தில் ஒட்டும், 304 அநேகமாக ஒட்டாது. ஒட்டவில்லை என்பதாலேயே 304 என்று நம்பிவிடக் கூடாது, நிக்கல் குறைந்த மலிவான 201 ரகமும் ஒட்டாது.

அப்புறம் விரிவடைதல். 304 குழாய் 600 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும், ஆறியதும் சுருங்கும். பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் ஒருநாள், உட்லண்ட்ஸ் தாண்டி மலேசிய நெடுஞ்சாலையில் ஒருநாள் என்று இது ஓயாமல் நடக்கும். நடுவில் வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் பைப் இல்லையென்றால் அந்த இழுவை முழுக்க வெல்டிங் மேலும் போல்ட் மேலும் விழும். குழாயின் தடிமனையும் கேளுங்கள். முன்பகுதிக்கு 1.6 மில்லிமீட்டர் நல்லது, 1.2 என்றால் பின்னால் மட்டும் போடலாம்.

சைலன்சருக்குள் என்ன அடைத்திருக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. சத்தத்தை உறிஞ்ச ஓட்டைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை வைப்பார்கள், ரோட்டரிச் சூட்டில் அது இறுகி, நொறுங்கி, துகள் துகளாகப் பின்வழியே பறந்துவிடும். வாங்கும்போது கம்பீரமாக இருந்த சத்தம் கொஞ்ச காலத்தில் தகர டப்பா போல ஆவது இதனால்தான். குழாயை ஒட்டி ஸ்டெயின்லெஸ் கம்பளி ஒரு சுற்று, அதற்கு வெளியே இழை என்று அடைத்தது நீடிக்கும். திறந்து புது இழை வைக்க வசதியாக மூடியைப் போல்ட் போட்டு மாட்டியிருந்தால் இன்னும் நல்லது.

துருவை ஒரேயடியாக மறந்துவிடவும் முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். வீவக அடுக்குமாடி கார்பார்க்கிலிருந்து காப்பிக்கடை வரை மட்டும் ஓட்டுகிறவர் காரில், குழாய் நன்றாகச் சூடேறாததால், அது வெளியேறாமல் சைலன்சரின் அடியில் தேங்கும்.

ஒரு எச்சரிக்கை. 1990களின் ஆர்எக்ஸ்-7 டர்போவில் அளவுக்கு மீறி அகலமான குழாயைப் போட்டு புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரையும் கழற்றினால், டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வால் சமாளிக்க முடியாது, அழுத்தம் தானாக ஏறும், ரோட்டர் முனையில் வாயு கசியாமல் தடுக்கும் சீல் உடையும், எஞ்சினே போய்விடும். இங்கே கன்வெர்ட்டர் இல்லாமல் ஓட்டுவது சட்டவிரோதம் என்பது தனி. எக்ஸாஸ்ட் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் வேண்டும், பத்து வயது தாண்டிய கார் வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போவதால் அனுமதி இல்லாததை மறைக்கவும் முடியாது. கடைக்காரரிடம் முதலில் அனுமதிக்கான சான்றிதழைக் கேளுங்கள், இல்லையென்றால் வந்துவிடுங்கள்.

புதுசு மாட்டுவதற்கு முன், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆர்எக்ஸ்-8இல் காயில் பலவீனமாவது பரவலாகத் தெரிந்த வியாதி. பொறி தவறினால் எரியாத பெட்ரோல் நேராக கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டையே உருக்கி வழியை அடைத்துவிடும். மாட்டிய பிறகு, நாலைந்து முறை நன்றாகச் சூடாகி ஆறட்டும், அதன்பின் குழாய்களை இணைக்கும் ஃப்ளேஞ்ச் போல்ட்களை இன்னொரு முறை முறுக்கச் சொல்லுங்கள்.