ஆட்டம் இல்லாத இணைப்பு: ஒளியிழைக் கனெக்டரின் உள்ளே நடப்பது

இரண்டு செப்புக் கம்பிகளின் முனைகளைச் சேர்த்து முறுக்கினால் மின்சாரம் ஓடத் தொடங்கிவிடும். கம்பிகள் கோணலாக இருந்தாலும், ஒன்றின் விலாவில் மற்றொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும், உலோகம் உலோகத்தைத் தொடும்வரை மின்னோட்டத்துக்குத் தடையில்லை. ஒளியைச் சுமந்து செல்லும் கண்ணாடி நூலான ஒளியிழைக்கு இந்தச் சலுகை கிடையாது. தொலைத்தொடர்பில் பயன்படும், ஒளியை ஒரே பாதையில் மட்டும் செல்லவிடும் ஒற்றைமுறை இழையின் விட்டம் 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன் நடுவே, கோர் எனப்படும் உள்ளகத்தின் விட்டம் சுமார் 9 மைக்ரான் மட்டுமே. செய்தியைச் சுமக்கும் ஒளி ஏறக்குறைய முழுவதும் அந்த மெல்லிய நடுப்பகுதியிலும் அதை ஒட்டிய விளிம்பிலுமே பயணிக்கிறது. மனிதத் தலைமுடியின் குறுக்களவில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும் அந்த ஒளிப்பாதையை, அதே அளவுள்ள மற்றொரு ஒளிப்பாதைக்கு நேராக நிறுத்துவதே ஒளியிழைக் கனெக்டரின் வேலை.

நேராக நிறுத்துவது என்றால் எவ்வளவு நேராக என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், எதிரெதிரே நிற்கும் இரு உள்ளகங்களின் மையங்கள் 1 மைக்ரான் விலகியிருந்தால் சுமார் 0.16 டெசிபெல் ஒளி இழப்பு ஏற்படும். டெசிபெல் என்பது ஒளி எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்லும் அளவு. இன்றைய தரமான இழையில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கே இழப்பு ஏறத்தாழ 0.2 டெசிபெல்தான் என்பதால், ஒரு மைக்ரான் விலகல் ஏறத்தாழ 800 மீட்டர் கண்ணாடிக்குச் சமமான ஒளியை விழுங்கிவிடுகிறது. இழப்பு விலகலின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், விலகல் 2 மைக்ரானானால் இழப்பு நான்கு மடங்காகிறது. 5 மைக்ரானில் ஒளியின் 60 விழுக்காடு அடுத்த இழைக்குள் நுழையாமலே போய்விடுகிறது. இரு இழைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் சுமார் 0.3 டெசிபெல் போய்விடும்.

இந்தச் சிக்கல் காலப்போக்கில் எளிதாகவில்லை, கடினமானது. 1970-இல் கார்னிங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்கும் குறைவான இழப்புடைய இழையை உருவாக்கியபோது, ஓர் இணைப்பில் ஒரு டெசிபெல் போவது 50 மீட்டர் இழையை நீட்டியதற்குச் சமம். இன்றைய இழையில் அதே ஒரு டெசிபெல் 5 கிலோமீட்டருக்குச் சமம். கண்ணாடி தெளியத் தெளிய இணைப்பின் குறை பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது.

நிரந்தரமாக இணைக்க வேண்டிய இடங்களில் இழைகளை உருக்கி ஒட்டுகிறார்கள். ஸ்ப்ளைசிங் எனப்படும் அந்த முறையில், கருவிக்குள் இருக்கும் கேமராக்கள் இழைகளைப் பார்க்கின்றன, நுண்மோட்டார்கள் அவற்றை நகர்த்தி நேராக்குகின்றன, பிறகு மின்பொறி முனைகளை உருக்கிச் சேர்க்கிறது. கனெக்டரிலோ கேமராவும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஒருவர் கையால் செருக வேண்டும், கழற்ற வேண்டும், மீண்டும் செருக வேண்டும். ஒவ்வொரு முறையும் மைக்ரானுக்கும் குறைவான துல்லியத்தில் இழைகள் தாமாக நேரே வந்து நிற்க வேண்டும். பல கனெக்டர்கள் இப்படி 500 முறை செருகிக் கழற்றுவதைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய முதல் உண்மை, கனெக்டர் எதுவும் உள்ளகத்தை நேரடியாகப் பிடிப்பதில்லை என்பது. உள்ளகம் கண்ணாடியின் நடுவே புதைந்திருக்கிறது. அதைத் தொட வழியில்லை. எனவே அதைச் சுற்றியிருக்கும் வெளிவட்டங்களை நம்பித்தான் அதை நிறுத்த வேண்டியிருக்கிறது. இழையின் வெளிவட்டம், ஃபெரூல் எனப்படும் சிறு உருளையின் நுண்துளைக்குள் எபாக்சிப் பசையால் ஒட்டப்படுகிறது. ஃபெரூலின் வெளிவட்டத்தை ஸ்லீவ் எனப்படும் குழல் பிடிக்கிறது. எதிர்ப்புறத்திலிருந்து வரும் ஃபெரூலையும் அதே குழலே பிடிக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இந்த வட்டங்களின் மையங்கள் எல்லாம் ஒரே புள்ளியில் விழுந்தால்தான் உள்ளகங்கள் நேருக்கு நேர் சந்திக்கும்.

ஒவ்வொரு படியிலும் சிறு பிழை சேர்கிறது. இழையின் உள்ளகம் அதன் வெளிவட்டத்துக்குச் சரியான நடுவில் இருக்காமல் 0.6 மைக்ரான் வரை விலகியிருக்கத் தரநிலை இடமளிக்கிறது. இழை நுழைய வேண்டுமென்பதால் ஃபெரூலின் துளை 125 மைக்ரானைவிடச் சற்றே பெரிதாக, பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குள்ளான வேறுபாட்டில், இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் இழை ஒரு பக்கமாக ஒதுங்கி ஒட்டிக்கொள்ளும். துளையும் ஃபெரூலின் சரியான மையத்தில் அமைவதில்லை. இந்தப் பிழைகள் எல்லாத் திசைகளிலும் சிதறியிருப்பதால், சில இணைப்புகளில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், சிலவற்றில் கூடிக்கொள்ளும். ஒரு ஃபெரூலில் உள்ளகம் மேல்நோக்கியும் எதிரிலிருப்பதில் கீழ்நோக்கியும் விலகியிருந்தால் இரு விலகல்களும் சேர்ந்துவிடும் என்பதால், நல்ல தரக் கனெக்டர்களில் ஃபெரூலைச் சுழற்றிப் பார்த்து, விலகல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அளந்து, அந்தப் பக்கம் எப்போதும் கனெக்டரின் சாவிப் பள்ளத்தை (கனெக்டரை ஒரே நிலையில் மட்டும் செருகவிடும் அடையாளப் பள்ளத்தை) நோக்கி இருக்கும்படி பூட்டிவிடுகிறார்கள். பிழை அப்படியே இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே திசையில் பிழைப்பதால், அவற்றுக்கிடையே மிஞ்சும் வேறுபாடு குறைந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம்விடக் கடினமான கேள்வி, ஃபெரூலுக்கும் குழலுக்கும் இடையே எழுவது. இயந்திரப் பட்டறையில் இருப்பவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்: ஓர் உருளை ஒரு துளைக்குள் கையால் நுழைய வேண்டுமானால் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் செய்தால் உருளை நுழையாது, அல்லது பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். ஆனால் 2 மைக்ரான் ஆட்டம் விட்டால்கூட, ஒரு ஃபெரூல் குழலின் ஒரு சுவரிலும் மற்றொன்று எதிர்ச்சுவரிலும் சாய்ந்து நிற்கலாம். அவற்றின் மையங்கள் 2 மைக்ரான் விலகிவிடும். செருகுவதற்குத் தேவையான ஆட்டமே சீரமைவைக் கெடுக்கிறது.

1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான இணைப்பி இதற்குக் கூம்பு வடிவத்தால் விடை தேடியது. கூம்பான முனை, கூம்பான குழிக்குள் அமரும்போது தானாகவே நடுவுக்கு வந்துவிடும். நுழையும் வரை ஆட்டம் உண்டு, அமர்ந்த பின் இல்லை. அழகான எண்ணம்தான். ஆனால் கூம்பு எவ்வளவு ஆழத்தில் அமர்கிறதோ அதைப் பொறுத்து இழை முனைகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறுகிறது. முனை சற்று நீளமாக இருந்தால், கூம்பு தன் குழியில் அமர்வதற்கு முன்பே எதிர் முனையில் முட்டிவிடும். சற்றுக் குட்டையாக இருந்தால் நடுவே காற்றிடைவெளி விழும். நடுவில் நிறுத்துவது, முனைகளைத் தொடவைப்பது ஆகிய இரு வேலைகளையும் ஒரே பரப்பிடம் ஒப்படைத்ததுதான் அதன் குறை.

இன்று உலகெங்கும் நிலைபெற்றிருக்கும் விடை, நெடுக்காக ஒரு வெட்டு விழுந்த குழல். ஓலைச்சுருளைப் போல ஒரு பக்கம் திறந்திருக்கும் இந்தக் குழலின் உள்விட்டம் ஃபெரூலைவிட மிகச் சிறிதளவு குறைவாகச் செய்யப்படுகிறது. ஃபெரூலை உள்ளே தள்ளும்போது வெட்டு சற்றே விரிகிறது, குழல் வளைந்துகொடுக்கிறது, பிறகு எல்லாப் பக்கமும் ஃபெரூலை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆட்டத்துக்கு இங்கே இடமே இல்லை. ஆனாலும் சில நியூட்டன் விசையில் ஃபெரூல் நுழைந்துவிடுகிறது. உள்ளே அடைபடும் காற்றும் அந்த வெட்டு வழியே வெளியேறுகிறது. இரு ஃபெரூல்களின் விட்டங்களில் ஒரு சிறு வேறுபாடு இருந்தாலும் குழல் அதற்கேற்ப விரிந்து, இரண்டையும் ஒரே அச்சுக்கு மிக அருகில் பிடிக்கிறது. கனெக்டரின் எல்லா உறுப்புகளிலும் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்தக் குழல்தான். கடினத்தன்மையை மேலும் மேலும் கூட்டித் துல்லியத்தை அடைய முயலாமல், மீள்தன்மையைக் கொண்டு துல்லியத்தை அடைந்திருக்கிறார்கள்.

இதற்குப் பொருத்தமான பொருள் தேவைப்பட்டது. ஃபெரூலின் விட்டம் 2.499 மில்லிமீட்டர், அரை மைக்ரானுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. எல்சி எனப்படும் சிறிய கனெக்டர் வகையில் இதன் பாதி, அதாவது 1.25 மில்லிமீட்டர். நூற்றுக்கணக்கான முறை உரசினாலும் இந்த அளவு தேயக் கூடாது. குழலோ விரிந்து சுருங்க வேண்டும், உடையக் கூடாது. தொடக்க காலத்தில் அலுமினாப் பீங்கானும் பயன்பட்டது. அது மிகவும் கடினமானது. மெருகேற்றும்போது பீங்கான் தேயாமல் நடுவிலுள்ள கண்ணாடி மட்டும் அதிகமாகத் தேய்ந்து உள்வாங்கிவிடும். இட்ரியா சேர்த்த சிர்கோனியா என்ற பீங்கான் இந்தக் குறைகளைத் தீர்த்தது. அதில் ஒரு நுண்விரிசல் தோன்றினால், விரிசலின் முனையில் இருக்கும் படிகங்கள் அமைப்பு மாறிப் பருமனில் பெருத்து, விரிசலை நெருக்கி மேலும் ஓடாமல் தடுக்கின்றன. பீங்கானாக இருந்தும் வில் போல வளைந்துகொடுக்கும் குழலைச் செய்ய முடிந்தது இதனால்தான். விலை குறைந்த, அகன்ற உள்ளகமுள்ள பன்முறை இழை இணைப்புகளில் பாஸ்பர் வெண்கலக் குழல்களும் உண்டு. ஒற்றைமுறை இழைக்குச் சிர்கோனியாவையே நம்ப வேண்டும்.

பக்கவாட்டில் நேராக்கிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. இரு முனைகளுக்கும் இடையே மயிரிழை காற்று இருந்தாலும், ஒளி கண்ணாடியிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து கண்ணாடிக்கும் மாறும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 3.5 விழுக்காடு திரும்பிப் போகும். இரு பரப்புகளிலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும், வெப்பநிலையோ அதிர்வோ இடைவெளியைச் சிறிது மாற்றினால்கூட இழப்பு ஏறி இறங்கும். ஆகவே கண்ணாடி கண்ணாடியைத் தொட வேண்டும். இரண்டு தட்டையான முகங்களை முழுமையாகத் தொடவைப்பது நடவாத காரியம். சிறிது சாய்ந்தாலும் ஓரம் மட்டும் தொட்டு நடுவே இடைவெளி விழும். அதனால் ஃபெரூலின் முகத்தை 10 முதல் 25 மில்லிமீட்டர் வளைவு ஆரமுள்ள மெல்லிய குவிமுகமாக மெருகேற்றுகிறார்கள். இந்த வளைவைச் செதுக்கத் தனிக் கருவி தேவையில்லை என்பது இன்னொரு நயமான செய்தி. மெருகுத்தாளின் அடியில் மென்மையான ரப்பர்த் தகட்டை வைத்து ஃபெரூலை அழுத்தித் தேய்த்தால், ரப்பர் பள்ளமாகி ஓரங்களை அதிகமாகத் தேய்க்கிறது. குவிமுகம் தானாக உருவாகிறது.

குவிந்த இரு முகங்களும் உச்சியில் முதலில் சந்திக்கின்றன. பின்னாலிருக்கும் சுருள்வில் ஏறத்தாழ 10 நியூட்டன் விசையில் அவற்றை அழுத்துகிறது. தலா 20 மில்லிமீட்டர் ஆரமுள்ள இரு சிர்கோனியா முகங்களை இந்த விசையில் அழுத்தினால், தொடும் வட்டத்தின் விட்டம் தோராயமாக 175 மைக்ரான் வரும். இழையின் 125 மைக்ரானை இது முழுவதுமாக மூடிவிடுகிறது. முகங்கள் அமுங்கும் ஆழம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆனாலும் வெப்பத்தில் பசை நெகிழ்ந்து இழை சில பத்து நானோமீட்டர் உள்வாங்கினால், அந்த அமுக்கமே இடைவெளியை அடைத்துத் தொடுகையைக் காக்கிறது. குவிமுகத்தின் உச்சி இழையின் மையத்திலிருந்து 50 மைக்ரானுக்கு மேல் விலகக் கூடாது என்று வரையறுத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

வில்லால் தள்ளப்படும் ஃபெரூல், கனெக்டரின் வெளிக்கூட்டோடு இறுக்கமாகப் பிணைக்கப்படுவதில்லை. ஜப்பானின் என்டிடி நிறுவனம் 1980களில் உருவாக்கிய எஸ்சி கனெக்டரில் ஃபெரூல் கூட்டுக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. கேபிளை யாராவது இழுத்தாலோ கூட்டைத் தட்டினாலோ அந்த விசை கூட்டோடு நின்றுவிடும். அதற்கு முந்தைய சில வகைகளில் கேபிளை இழுத்தாலே ஃபெரூல் பின்வாங்கி இணைப்பு விட்டுப்போனது. குழலின் பிடியைத் தவிர வேறு எதற்கும் ஃபெரூல் கட்டுப்படக் கூடாது என்பதே இந்த மிதவையின் நோக்கம்.

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணையக் கம்பியின் முனையில் பச்சை நிற பிளக்கைப் பலர் பார்த்திருக்கலாம். அதன் முகம் நேராக இல்லாமல் 8 பாகை சாய்வாக மெருகேற்றப்பட்டிருக்கும். சாய்ந்த முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அச்சிலிருந்து 16 பாகை விலகிப் போவதால், அது உள்ளகத்தில் தங்க முடியாமல் அதைச் சுற்றியுள்ள கண்ணாடி உறைக்குள் கசிந்து அழிகிறது. நல்ல நேர்முகக் கனெக்டரில் ஒளியின் லட்சத்தில் ஒரு பங்கு திரும்புகிறதென்றால், சாய்முகத்தில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. பச்சையை நீல நிற நேர்முகக் கனெக்டரோடு செருகினால் குழல் இரண்டையும் நேராகத்தான் பிடிக்கும். ஆனால் முகங்களின் நடுவே ஆப்பு வடிவத்தில் காற்று நுழைந்து பெரும்பகுதி ஒளியைத் திசைதிருப்பிவிடும். நிறம் இருப்பது அதைத் தடுக்கத்தான்.

தரவு மையங்களில் ஒரே பிளக்கில் 12 இழைகளைச் சேர்க்க வேண்டியிருக்கும்போது வட்ட ஃபெரூல் பயன்படாது. அங்கே வார்ப்பு நெகிழியாலான செவ்வக ஃபெரூலில் இழைகள் 0.25 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன; இருபுறமும் 0.7 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு ஊசிகள் எதிர்ப்புறத் துளைகளில் நுழைந்து எல்லா இழைகளையும் ஒரே நேரத்தில் நேராக்குகின்றன.

இவ்வளவு துல்லியத்தையும் ஒரு தூசி குலைத்துவிட முடியும். முன்பு சொன்ன தொடுவட்டத்தில் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 400 நியூட்டன். முகத்தில் ஒட்டிய துகள் அந்த அழுத்தத்தில் நொறுங்கிக் கண்ணாடிக்குள் பதிகிறது. நொறுங்காத துகள் இரு முகங்களையும் பிரித்து, தொடுகையே இல்லாமல் செய்கிறது. புதிதாகப் பிரித்த கனெக்டரின் மூடிக்குள்ளேயே தூசி இருக்கலாம். விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கும். அதனால்தான் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் ஒவ்வொரு முறை செருகுமுன்னும் முகத்தை 200 அல்லது 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள், துடைக்கிறார்கள், மறுபடியும் பார்க்கிறார்கள். கையிலிருக்கும் பிளக்கை மட்டும் பார்த்தால் போதாது. சுவரிலுள்ள அடாப்டருக்குள் மறைந்திருக்கும் எதிர் ஃபெரூலையும் பார்க்க வேண்டும். ஒரு முகத்தில் பதிந்த துகள் எதிர் முகத்திலும் குழி பறித்துவிடும். பிறகு அந்த அடாப்டரில் செருகப்படும் ஒவ்வொரு நல்ல பிளக்கையும் அந்தக் குழி கெடுத்துக்கொண்டே இருக்கும்.