கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்காதீர்கள்

போன வாரம் ஒரு அப்பா போன் செய்தார். "தம்பி, பொண்ணுக்கு ஜி.பி.ஏ. 3.1 இருக்கு. ஏ.ஏ. படிப்புக்கு 3.0 போதும்னு போட்டிருக்கான். கட்-ஆஃபுக்கு மேலதானே இருக்கா, ரெண்டு வருஷமா ஏன் கிடைக்கல?" ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வருடம் இதே கேள்வியோடு என்னிடம் வந்த நான்காவது குடும்பம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜி.பி.ஏ. என்பது கல்லூரி மதிப்பெண்களின் சராசரி, நான்குக்கு இத்தனை என்று. ஏ.ஏ. என்பது இங்கே அமெரிக்காவில் அனஸ்தீஷியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட், அதாவது மயக்க மருந்து நிபுணரோடு வேலை செய்யும் உதவியாளர். 1969இல் அட்லாண்டாவின் எமரி, கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகங்களில் தொடங்கிய படிப்பு, இன்று முதுநிலை. இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். முடித்தவர்கள் மயக்க மருந்து நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்யலாம். நர்ஸிங் வழியாக வந்து மயக்க மருந்து கொடுக்கும் சி.ஆர்.என்.ஏ. வேறு, இது வேறு.

சரி, கட்-ஆஃபுக்கு வருகிறேன். நம் ஊரில் இன்ஜினியரிங் கட்-ஆஃப் என்றால் 200க்கு இத்தனை என்று ஒரு எண். அதை வைத்து ரேங்க், ரேங்கை வைத்து கவுன்சிலிங்கில் சீட். ஒரே இடஒதுக்கீட்டுப் பிரிவில் 198 வைத்திருப்பவரைத் தாண்டி 197க்குப் போகாது. இங்கே அப்படி எதுவும் இல்லை. கல்லூரிகள் போட்டிருக்கும் 3.0 குறைந்தபட்சம். அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் விண்ணப்பத்தைப் பார்க்கவே மாட்டார்கள், அவ்வளவுதான். மேலே இருந்தால் இடம் கிடைக்கும் என்று எந்தக் கல்லூரியும் சொல்லவில்லை. அதன்பிறகு சில மனிதர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். எந்தப் பாடத்தில் என்ன மதிப்பெண், கடைசி இரண்டு வருடத்தில் ஏறியதா இறங்கியதா, பரிந்துரைக் கடிதம் எழுதியவருக்கு இந்தப் பிள்ளையை உண்மையிலேயே தெரியுமா என்று பார்க்கிறார்கள். 3.8 வைத்திருந்து நேர்காணலில் வெளியேறியவரையும் எனக்குத் தெரியும், 3.3இல் சேர்ந்து இன்று என் பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்பவரையும் தெரியும். எங்கள் வேலையிலேயே ஒரே எண்ணை நம்ப மாட்டோம். மூச்சுக்குழாயில் வைத்த ட்யூப் நழுவிய பிறகும் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் 98 என்றே காட்டும், வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் அலை அதற்கு முன்பே தட்டையாகிவிடும்.

அந்தப் பெண்ணின் டிரான்ஸ்கிரிப்டை வாங்கிப் பார்த்தேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் இரண்டு செமஸ்டர், பிசிக்ஸில் ஒன்று, மூன்றிலும் டி. மறுபடி எடுத்து நல்ல கிரேடு வாங்கியிருந்தாள். அவள் கல்லூரி பழைய டி-யைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் ஏ.ஏ. கல்லூரிகளுக்கான காசா (CASAA) என்ற பொது விண்ணப்பத்தில் எடுத்த ஒவ்வொரு தடவையும் கணக்கில் சேரும். அப்பா சொன்ன 3.1 அங்கே 2.9. இரண்டு வருடமாக அவள் விண்ணப்பம் 3.0 கேட்கும் வாசலையே தாண்டவில்லை. இதை யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் முதலில் உங்கள் ஜி.பி.ஏ.வை நீங்களே போடுங்கள். சமுதாயக் கல்லூரியில் எடுத்தது, தோற்றது, மறுபடி எடுத்தது, எல்லாம் சேர்த்து. அறிவியல் பாடங்களுக்குத் தனியாக ஒன்று போடுங்கள். நுழைவுத் தேர்வு எம்கேட்டா ஜி.ஆர்.ஈ.யா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தீர்மானிக்காதீர்கள், நீங்கள் போகப்போகும் கல்லூரியின் பக்கத்தைப் படியுங்கள். பாடம் எடுத்துப் பல வருடம் ஆகியிருந்தால் சில கல்லூரிகள் ஏற்காது. நிராகரித்த கல்லூரிக்கு மெயில் போட்டுக் காரணம் கேளுங்கள். சிலர் பதில் தருவார்கள்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. அனஸ்தீஷியா டெக்னாலஜி முடித்தவர்களும் எழுதிக் கேட்கிறார்கள். அந்தப் படிப்பை மட்டும் வைத்து இங்கே ஏ.ஏ.வாக வேலை செய்ய முடியாது. அங்கே பார்த்த வேலை நேர்காணலில் பேச உதவும். ஆனால் பட்டத்தை மதிப்பீடு செய்ய வேண்டும், பல கல்லூரிகள் அடிப்படைப் பாடங்களை அமெரிக்கக் கல்லூரியிலேயே எடுக்கச் சொல்லும். ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் கல்லூரியிடமே கேளுங்கள், தயவுசெய்து. இன்னொன்று, எல்லா மாநிலங்களிலும் ஏ.ஏ.வுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்பதை இப்போதே யோசியுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "எம்.டி. கிடைக்கலைன்னா இது" என்று, அதாவது டாக்டர் படிப்பு கிடைக்காவிட்டால் இது என்று, பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி வளர்க்காதீர்கள். ஏன் இந்த வேலை என்று நேர்காணலில் கேட்பார்கள். அந்த வாசகம் அவர்கள் வாயிலிருந்து அப்படியே வரும். வந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

ஷேடோயிங்குக்கு, அதாவது ஆபரேஷன் தியேட்டரில் கூட நின்று வேலையைப் பார்ப்பதற்கு, பல இடங்களில் 8 மணி நேரம் கேட்கிறார்கள். அதுவும் குறைந்தபட்சம்தான். ஒரு நோயாளி உள்ளே வந்ததிலிருந்து ரெக்கவரியில் கண் திறக்கும் வரை கூடவே நில்லுங்கள். காலையில் மெஷின் செக் செய்யும்போதே வந்துவிடுங்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பெண்ணிடம் இந்த வருடம் விண்ணப்பிக்க வேண்டாம் என்றேன். பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி என்று நான்கு பாடம் எடுத்து நான்கிலும் ஏ வாங்கினால் காசா கணக்கில் 3.0ஐத் தாண்டுவாள். அப்பா பேசாமல் இருந்தார். அவள்தான் முதல் முறையாக வாய் திறந்தாள். "அங்கிள், நான் எட்டு மணி நேரம்தான் பார்த்திருக்கேன். மறுபடி வரலாமா?" மருத்துவமனையின் அனுமதிப் படிவத்தை அன்றே அனுப்பிவிட்டேன். அடுத்த செவ்வாய், காலை ஆறு மணிக்கு வருகிறாள்.