ஓவர்குளொக்கிங்: துடிப்பேற்றம்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிப் பாகங்கள் வாங்கப் போகிறவர்களுக்கு இது பழகிய சொல். "அண்ணா, இந்த புரொசெசரை ஓசி பண்ணலாமா?" என்று கேட்கிற பெடியன்கள் அங்கே உண்டு. ஓவர்குளொக்கிங்கைத்தான் அப்படிச் சுருக்குகிறார்கள். ஓசி என்றால் நம் பேச்சில் சும்மா கிடைப்பது. இது சும்மா கிடைப்பதில்லை.

பொருள் இவ்வளவுதான்: தயாரித்த நிறுவனம் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே, கணினியின் கணக்குகளைச் செய்யும் சில்லான புரொசெசரை ஓட வைப்பது.

'குளொக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம், மணியைக் குறித்த இடைக்கால இலத்தீன் 'குளொக்கா'. மணி அடித்து நேரம் சொன்ன காலத்தில் அந்தப் பெயரே கருவிக்கும் ஒட்டிக்கொண்டது. நம் கடிகாரம் 'கடிகை' வழியாக வந்தது; நீர்க்கலம் வைத்து நாழிகை அளந்த காலத்துச் சொல். கணினிக்குள் இருக்கும் குளொக்கோ நேரம் காட்டுவதற்கானது அல்ல. குவாட்ஸ் பளிங்குத் துண்டு ஒன்றின் அதிர்விலிருந்து எடுக்கும் மின்துடிப்பு அது. பஜனையில் தாளக்காரரின் தட்டுக்கு எல்லோரும் சேர்ந்து பாடுவதுபோல, திரான்சிஸ்டர் எனப்படும் கோடிக்கணக்கான நுண் ஆளிகள் அந்தத் துடிப்புக்கு இசைந்து வேலை செய்கின்றன. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் செக்கனுக்கு 47.7 இலட்சம் துடிப்பு. இன்று 5 கிகாஹேர்ட்ஸ் என்றால் 500 கோடி.

அதனால் ஓவர்குளொக்கிங்கைச் சொல்லுக்குச் சொல் 'மிகைக் கடிகாரம்' என்று மாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. சுவர்க் கடிகாரம்தான் கண்முன் வரும். 'துடிப்பேற்றம்' என்பதே என் தெரிவு. வேகத்தைக் குறைப்பதற்கு 'துடிப்பிறக்கம்' என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, அந்தக் 'குறித்த வேகம்' எப்படி வருகிறது? ஒரே சிலிக்கன் தட்டில் வெட்டிய சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு அச்சில் வோல்ட்டளவு, மற்ற அச்சில் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை துடிப்பு) என வைத்து, கட்டம் கட்டமாகச் சோதிக்கிறார்கள். சில்லு தாக்குப்பிடித்த கட்டத்துக்கு ஒரு நிறம், தவறிய கட்டத்துக்கு வேறு நிறம். கடைசியில் கோணல்மாணலாக ஒரு உருவம் தெரியும். 1948இல் அமெரிக்கப் படக்கதையொன்றில் வந்த கொழுகொழு பிராணியின் பெயரால் அதை 'ஷ்மூ' வரைபடம் என்கிறார்கள். வோல்ட்டளவு கூடினால் திரான்சிஸ்டர் விரைவாகத் திறந்து மூடும்; அதனால் வோல்ட்டளவு ஏற ஏறச் சில்லு கூடுதல் துடிப்பைத் தாங்கும். அந்த உருவத்தின் விளிம்புவரை போகாமல், சூட்டுக்கும் தேய்மானத்துக்கும் இடம் விட்டே வேகத்தைக் குறிக்கிறார்கள். துடிப்பேற்றுகிறவர் கைவைப்பது அந்த இடைவெளியில்தான். 1998இல் வந்த இன்டெல் செலரோன் 300ஏ புரொசெசர் இதற்குப் பேர்போனது: 300 மெகாஹேர்ட்ஸுக்கு விற்றதைப் பலர் 450இல் ஓட்டினார்கள்.

இனிச் செலவு. மின்வலு, துடிப்போடு நேராகவும் வோல்ட்டளவின் வர்க்கத்தோடும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் வலு ஏறத்தாழ 33 சதவீதம் கூடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். அதைத் தணிக்க, சாதனைக்காகத் துடிப்பேற்றுகிறவர்கள் −196 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவ நைதரசனை ஊற்றுவார்கள். 2011இல் 8.429 கிகாஹேர்ட்ஸைத் தொட புரொசெசர் நிறுவனமான ஏஎம்டி அதைவிடக் குளிரான திரவ ஹீலியமே பயன்படுத்தியது. கொழும்பில் நம் விசிறி இழுப்பதோ 30 பாகைக் காற்று.

ஆகவே இங்கே செய்து பார்ப்பவர் முதலில் புரொசெசரின் சூட்டை இறக்கும் நல்ல கூலர் ஒன்றைப் பார்க்கவேண்டும். இன்டெல் என்றால் பெயரின் இறுதியில் 'கே' உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். அடிப்படைத் துடிப்பை எத்தனை மடங்காக்குவது என்று சொல்லும் எண்தான் பெருக்கி; அவற்றில் அதை நாமே மாற்றலாம். அப்புறம் 100 மெகாஹேர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதனை மென்பொருளை ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனியுங்கள். பிழை காட்டினால் ஒரு படி இறங்கிவிடுங்கள்.