பார்டரில் நிற்கும் சுகரைச் சாப்பாட்டால் இறக்க முடியுமா?

"பார்டர்லதான் இருக்கு, மாத்திரை வேண்டாம்" என்று கேட்டதும் நிம்மதியாகி, அடுத்த பரிசோதனையை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி., குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199, ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம். இவற்றில் ஒன்று இருந்தாலே சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம்தான்.

இதிலிருந்து பழைய அளவுக்குத் திரும்பலாம், எல்லோராலும் அல்ல. தொப்பை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். 75 கிலோ எடையில் 4, 5 கிலோ குறைந்தாலே பலருக்கு அளவு இறங்கும். ஒல்லியாக இருந்தும் சுகர் ஏறியவர்களுக்கு இன்சுலின் சுரப்பே குறைந்திருக்கலாம். அவர்கள் பட்டினி கிடந்து மேலும் இளைக்கக் கூடாது.

"சோத்தை விட்டுட்டு ராகிக்கு மாறிட்டேன், அப்பவும் குறையலையே" என்பது சேலத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால், ராகியிலும் சாமையிலும் 65-க்கு மேல். நார்ச்சத்து கூடுதல்தான், ஆனால் நொய்யும் போட்டுக் கிண்டிய களியில் இரண்டு பெரிய உருண்டை உள்ளே போனால் அந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும். 50 கிராம் மாவில் ஒரு உருண்டை, கூடவே நிறையக் கீரைக் கடைசல்: அது சரி. கூழாகக் கரைத்துக் குடித்தால் சுகர் இன்னும் வேகமாக ஏறும்.

நம்மூர் ஜவ்வரிசியை 'லேசான உணவு' என்று விரத நாளில் உப்புமாவாகக் கிண்டுகிறோம். அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. புரதமும் இல்லை, நாரும் இல்லை. அவித்த குச்சிக்கிழங்கு (மரவள்ளி) 200 கிராம், மாவுச்சத்தில் ஒரு கப் சோற்றைத் தாண்டிவிடும். மாலையில் கிழங்கு தின்றால் இரவு தோசையை வெட்ட வேண்டியதுதான். மாம்பழமும் அப்படியே: சாப்பாட்டுக்குப் பின் வேண்டாம், நாலு மணிக்கு இரண்டு கீற்று போதும்.

மதியச் சாப்பாட்டில் சிக்கலே குழம்பு, ரசம், மோர் என்று மூன்று முறை சோறு விழுவதுதான். குழம்புக்கு மட்டும் ஒரு கப் சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடித்துவிடலாம். முதலில் பாதித் தட்டுக்குப் பொரியல், கூட்டு, அதோடு கெட்டிப் பருப்பு, முட்டை அல்லது மீன், சோறு கடைசியில். இந்த வரிசைக்கே சுகர் ஏறும் வேகம் குறையும். சாப்பிட்டதும் 15 நிமிட நடை.

2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் உணவும் நடையும் நோயாக மாறும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தன; 2006-இல் வந்த இந்திய ஆய்வில் 28.5 சதவீதம். நமக்குப் பலன் கொஞ்சம் கம்மி என்றாலும், அதே இந்திய ஆய்வில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது கூட்டிக் காட்டலாம். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை என்றால், முந்தைய மூன்று நாளும் சோற்றைக் குறைக்காமல் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். பயந்து பத்தியம் இருந்துவிட்டுப் போனால் அளவு வீணாக எகிறி நிற்கும்.